ரெவ்மேனில் ஒரு விடை, ஆரில் வேறு விடை: மெட்டா அனாலிசிஸில் எதை எடுப்பது?

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே எண்ணாகக் கூட்டும் மெட்டா அனாலிசிஸைச் செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். காக்ரேன் அமைப்பின் மென்பொருளான ரெவ்மேனில் கணக்குப் போட்டு, ஆய்வுகளின் முடிவுகளை வரிசையாகக் காட்டும் ஃபாரஸ்ட் ப்ளாட் எடுத்து, கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பியாகிவிட்டது. ரிவ்யூவர், புதிதாக ஒரு சோதனை நடந்தால் அதன் விளைவு எந்த எல்லைக்குள் வரலாம் என்று காட்டும் ப்ரெடிக்‌ஷன் இன்டர்வெல் கேட்கிறார். அதற்காக அதே எண்களை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால் கூட்டு மதிப்பே வேறாக வருகிறது. ஒன்றில் பி-மதிப்பு 0.05க்குக் கீழே, மற்றொன்றில் மேலே. கைடு உடனே கேட்பார்: "எந்த சாஃப்ட்வேர் தப்பு?"

பெரும்பாலும் எதுவுமே தப்பாக இருக்காது. நாம் சொன்ன கணக்கை இரண்டும் சரியாகத்தான் போட்டிருக்கும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்ட இடங்களை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டிருக்கும். அந்த வழக்கங்கள்தான் மோதுகின்றன. அதனால் முதலில் முறையை முடிவு செய்ய வேண்டும். அந்த முறையை எந்த மென்பொருளில் ஒன்றுவிடாமல் எழுதிக் காட்ட முடியுமோ அதைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். வரிசை மாறினால், பிடித்த விடையைத் தரும் மென்பொருளைத் தேடி அலையும் நிலை வந்துவிடும்.

எண்ணை வைத்தே பார்ப்போம். பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று ஆராய்ந்த 13 சோதனைகளின் தரவு, ஆரில் மெட்டா அனாலிசிஸுக்கான மெட்டாஃபோர் தொகுப்பை நிறுவினாலே கூட வந்துவிடும். 1994இல் கோல்டிட்ஸ் குழுவினர் ஜாமா இதழில் வெளியிட்ட மெட்டா அனாலிசிஸில் இடம்பெற்ற சோதனைகள் அவை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடமும் அதில் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பெரிய சோதனை, பட்டியலில் 'மெட்ராஸ் 1980' என்று நிற்கும். அந்தத் தரவில் இரண்டு பக்கமும் தலா 88,391 பேர். தடுப்பூசி போட்டவர்களில் 505 பேருக்குக் காசநோய், போடாதவர்களில் 499 பேருக்கு. போட்டவர்களின் ஆபத்தைப் போடாதவர்களின் ஆபத்தால் வகுத்த ரிஸ்க் ரேஷியோ 1.01, அதாவது பலன் தெரியவில்லை.

இந்த 13 சோதனைகளையும் எல்லாம் ஒரே உண்மை விளைவை அளக்கின்றன என்று கொள்ளும் ஃபிக்ஸ்டு எஃபெக்ட் மாதிரியில், துல்லியமான சோதனைக்கு அதிகம் தரும் இன்வர்ஸ் வேரியன்ஸ் எடை கொடுத்துக் கூட்டினால் ரிஸ்க் ரேஷியோ 0.65 வருகிறது, 95% நம்பிக்கை இடைவெளி 0.60 முதல் 0.70 வரை. மான்டெல்-ஹேன்செல் என்ற இன்னொரு முறையில் எடை கொடுத்தால் 0.64 (0.59 முதல் 0.69). உண்மை விளைவே சோதனைக்குச் சோதனை மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரிக்குப் போனால் 0.49 (0.34 முதல் 0.70). முதல் கணக்கில் தடுப்பூசி ஆபத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, கடைசிக் கணக்கில் பாதியாகக் குறைக்கிறது. தரவில் ஓர் எண்கூட மாறவில்லை.

மாறியது செங்கல்பட்டின் எடை. ஃபிக்ஸ்டு எஃபெக்டில் அந்த ஒரு சோதனைக்கு மட்டும் சுமார் 41 சதவீத எடை கிடைக்கிறது. பலனில்லை என்ற அதன் முடிவு மொத்தத்தையும் 1 பக்கம் இழுக்கிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸில் சோதனைகளுக்கு இடையிலான வேறுபாடும் ஒவ்வொன்றின் வேரியன்ஸோடு சேர்ந்துகொள்வதால், செங்கல்பட்டின் எடை சுமார் 10 சதவீதமாக இறங்கிவிடுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சிறிய சோதனைகள் பலனை நன்றாகக் காட்டியவை; அவற்றின் குரல் மேலே வருகிறது. உங்கள் இரண்டு மென்பொருள்களும் முதல் தசம இடத்திலேயே முரண்பட்டால், எடை நெடுவரிசைகளைத்தான் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரின் மெட்டா தொகுப்பு ஃபிக்ஸ்டு, ரேண்டம் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும். அதில் மேல் வரியை எடுத்து ரெவ்மேனின் ரேண்டம் விடையோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

இனி நுணுக்கமான வேறுபாடு. ரேண்டம் எஃபெக்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்தாலும் சோதனைகளுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவான டாவ்-ஸ்கொயரை எப்படி மதிப்பிடுவது என்பதில் பல வழிகள் இருக்கின்றன. பழைய ரெவ்மேன் 5இல் டெர்சிமோனியன்-லெயர்ட் ஒன்றுதான்; 1986இல் வந்த சூத்திரம், கையாலேயே போட்டுவிடலாம். மெட்டாஃபோரும், ஸ்டாட்டா என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளில் 16ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே வரும் மெட்டா கட்டளைகளும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆர்இஎம்எல் (REML) என்ற முறையை எடுத்துக்கொள்ளும். பிசிஜி தரவில் டாவ்-ஸ்கொயருக்கு டெர்சிமோனியன்-லெயர்ட் 0.309 தருகிறது, ஆர்இஎம்எல் 0.313. கூட்டு மதிப்பு இரண்டிலும் 0.49தான். ஆனால் மாக்சிமம் லைக்லிஹுட் எடுத்தால் டாவ்-ஸ்கொயர் 0.280, ஹன்டர்-ஷ்மிட் எடுத்தால் 0.228. இங்கே 13 சோதனைகள் இருப்பதால் பெரிய சேதமில்லை. நான்கைந்து சோதனைகள் மட்டும் இருக்கும் ரிவ்யூவில் இந்த வேறுபாடு பி-மதிப்பைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

மொத்த வேறுபாட்டில் தற்செயலைத் தாண்டியது எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஐ-ஸ்கொயரும் இதோடு சேர்ந்து ஆடும். சோதனைகள் கூட்டு மதிப்பிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கியூ மதிப்பிலிருந்து ரெவ்மேன் அதைக் கணக்கிடுகிறது. மெட்டாஃபோர் தான் மதிப்பிட்ட டாவ்-ஸ்கொயரிலிருந்து கணக்கிடுகிறது. பிசிஜியில் கியூ வழி 92.12, ஆர்இஎம்எல் வழி 92.22. மெட்டாஃபோரிலும் டெர்சிமோனியன்-லெயர்ட் என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கியூவிலேயேகூட ஒரு சிறு பிரிவு உண்டு: இன்வர்ஸ் வேரியன்ஸ் கூட்டு மதிப்பைச் சுற்றி அளந்தால் 152.23, மான்டெல்-ஹேன்செல் மதிப்பைச் சுற்றி அளந்தால் 152.57. ரெவ்மேனில் ரேண்டம் எஃபெக்ட்ஸோடு மான்டெல்-ஹேன்செல் என்று தேர்ந்தெடுத்தால் இரண்டாவது வழியில் போகும். அதனால்தான் டெர்சிமோனியன்-லெயர்ட் இரண்டு பக்கமும் போட்டும் மூன்றாவது, நான்காவது தசமத்தில் பிசிறு மிஞ்சுகிறது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரெவ்மேனில் இன்வர்ஸ் வேரியன்ஸ் என்று மாற்றிப் பாருங்கள், போய்விடும்.

கூட்டு மதிப்பு பொருந்தி, இடைவெளி மட்டும் பொருந்தாவிட்டால் ஹார்ட்டுங்-நாப் திருத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது சாதாரணப் பரவலுக்குப் பதில் டி-பரவலை எடுத்து, ஸ்டாண்டர்டு எர்ரரையும் திருத்துகிறது. பிசிஜியில் 0.34 முதல் 0.70 வரை இருந்த இடைவெளி 0.33 முதல் 0.73 ஆகிறது. மூன்று சோதனைகள் மட்டும் இருந்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு விரிந்துவிடும். ப்ரெடிக்‌ஷன் இன்டர்வெல்லிலும் இதே கதைதான். மெட்டாஃபோர் தன் வழக்கப்படி சாதாரணப் பரவலை வைத்து 0.15 முதல் 1.55 வரை என்கிறது. சோதனைகளின் எண்ணிக்கையில் 2 கழித்த டி-பரவலை எடுக்கும் ஸ்டாட்டாவில் 0.13 முதல் 1.78 வரை வரும். ஒரே மாதிரி, ஒரே டாவ்-ஸ்கொயர், ஆனாலும் மேல் எல்லை இவ்வளவு தள்ளிப்போகிறது.

இந்தத் தரவை இவ்வளவு நேரம் பிரித்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. உங்கள் மென்பொருளில் சந்தேகம் வந்தால், உங்கள் தரவைத் தள்ளிவைத்துவிட்டு பிசிஜி தரவை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன எண்களில் எது வருகிறதோ, அந்த மென்பொருள் எந்த முறையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எண்கள் சுத்தமாக வந்தால், கோளாறு உங்கள் எக்செல் தாளில்தான்.

எக்செல் தாளில் எங்கே கோளாறு வரும்? ரெவ்மேன் நிகழ்வு எண்ணிக்கையையும் மொத்த எண்ணிக்கையையும் கேட்கிறது. ஸ்டாட்டாவோ நிகழ்வு நடந்தவர்கள், நடக்காதவர்கள் என்று நான்கு கட்டங்களைக் கேட்கிறது. ரெவ்மேனுக்காகத் தயாரித்த தாளை அப்படியே ஸ்டாட்டாவில் ஏற்றினால் நடக்காதவர்கள் கணக்கு போக வேண்டிய இடத்தில் மொத்தம் போய் உட்கார்ந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பிசிஜி போல அரிதான நோயில் 88,391க்கும் 87,886க்கும் வேறுபாடு சொற்பம் என்பதால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. நூறில் அறுபது பேருக்கு நடக்கும் நிகழ்வில்தான் பல்லைக் காட்டும். இதோடு இன்னொன்று: ஸ்டாட்டாவின் உள்ளமைந்த மெட்டா கட்டளை இருநிலைத் தரவுக்கு ஆட்ஸ் ரேஷியோவில் (நடந்தவர்களை நடக்காதவர்களால் வகுத்து ஒப்பிடும் எண்) தொடங்கும். ஆரில் மெட்டா தொகுப்பின் இணையான கட்டளை ரிஸ்க் ரேஷியோவில் தொடங்கும். 0.49ஐயும் 0.47ஐயும் ஒப்பிட்டு மண்டையை உடைக்கும் முன் எந்த ரேஷியோ என்று தலைப்பில் பாருங்கள்.

சராசரிகளை ஒப்பிடும் ஆய்வுகளில் நிலைமை இன்னும் சுவையானது. வலி மதிப்பெண், மனச்சோர்வு மதிப்பெண் போன்றவற்றை வெவ்வேறு அளவுகோலில் அளந்திருந்தால் சராசரி வேறுபாட்டை ஸ்டாண்டர்டு டீவியேஷனால் வகுத்து, ஸ்டாண்டர்டைஸ்டு மீன் டிஃபரன்ஸ் எடுக்கிறோம். சிறு மாதிரிக்காகத் திருத்திய அதன் வடிவத்தை எல்லா மென்பொருளும் ஹெட்ஜஸ் ஜி என்றே எழுதும். ஒரு சின்னக் கணக்கு: இரண்டு குழுவிலும் 10 பேர், சராசரி வேறுபாடு 10, ஸ்டாண்டர்டு டீவியேஷன் இரண்டிலும் 10. எல்லாவற்றிலும் ஜி 0.958 வரும். ஸ்டாண்டர்டு எர்ரர் மட்டும் ரெவ்மேனில் 0.478, மெட்டாஃபோரில் 0.472, காம்ப்ரிஹென்சிவ் மெட்டா அனாலிசிஸ் என்ற மென்பொருள் கடைப்பிடிக்கும் சூத்திரத்தில் 0.454. ரெவ்மேன் சூத்திரத்தின் கீழே மொத்த எண்ணிக்கையிலிருந்து 3.94ஐக் கழிக்கிறது. மெட்டாஃபோர் கழிப்பதில்லை. மூன்றாவது சூத்திரம் சிறு மாதிரித் திருத்தத்தை வேரியன்ஸ் மீதும் வர்க்கமாகப் பெருக்குகிறது. வேரியன்ஸில் பார்த்தால் முதலுக்கும் கடைசிக்கும் சுமார் 10 சதவீத இடைவெளி. மூன்றும் அச்சேறிய, நியாயமான தோராயங்கள்தான். ஒன்றைப் பொய் என்று ஒதுக்க முடியாது. குழுவுக்கு 100 பேர் இருந்தால் வேறுபாடு மறைந்துவிடும். குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட பிசியோதெரபி சோதனைகளைக் கூட்டும்போது மறையாது.

இதுவரை சொன்னவை சமாளிக்கக்கூடியவை. உண்மையில் பயப்பட வேண்டிய இடம் பூஜ்ஜியம்.

ஒரு குழுவில் ஒருவருக்கும் நிகழ்வு நடக்கவில்லை என்றால் ரேஷியோ கணக்கிட முடியாது, அதற்காக 0.5 சேர்ப்பது வழக்கம். எங்கே சேர்ப்பது, எல்லா ஆய்வுகளிலுமா அல்லது பூஜ்ஜியம் உள்ளவற்றில் மட்டுமா, இரண்டு குழுவிலும் பூஜ்ஜியமாக இருந்தால் அந்த ஆய்வை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதில்தான் மென்பொருள்கள் பிரிகின்றன. ரேஷியோ கணக்கில் ரெவ்மேன் இரட்டைப் பூஜ்ஜிய ஆய்வுகளை விட்டுவிடும். ஆரின் மெட்டா தொகுப்பும் அப்படியே. மெட்டாஃபோரில் எஃபெக்ட் சைஸ் கணக்கிடும் கட்டளை, நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் 0.5 சேர்த்து அவற்றை உள்ளே வைத்துக்கொள்ளும். ஆகவே அரிதான பாதகங்களைக் கூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது பி-மதிப்பு அல்ல. எத்தனை ஆய்வுகள் கணக்கில் சேர்ந்தன என்ற எண்.

இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2007இல் நிசென், வோல்ஸ்கி இருவரும் ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தின் 42 சோதனைகளைக் கூட்டி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். அரிதான நிகழ்வுகளுக்குப் பயன்படும் பீட்டோ முறையில் மாரடைப்புக்கான ஆட்ஸ் ரேஷியோ 1.43, இடைவெளி 1.03 முதல் 1.98 வரை. உலகம் முழுவதும் அந்த மருந்தின் விற்பனை சரிந்தது. அதே ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, பூஜ்ஜிய ஆய்வுகளை வேறு விதமாகக் கையாண்டு, வேறு முறைகளில் கூட்டிக் காட்டினார்கள். மதிப்பு குறைந்தது, சில முறைகளில் இடைவெளிக்குள் 1ம் வந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. நோயாளி விழுங்கும் மாத்திரை பற்றிய முடிவே இப்படி ஒரு 0.5இல் ஊசலாடும்போது, "நான் டீஃபால்ட்டில் விட்டேன்" என்பது பதிலாகாது. நிகழ்வுகள் மிகக் குறைவாகவும் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவிலும் இருந்தால் பீட்டோ. குழு அளவுகள் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் 0.5 சேர்க்காத மான்டெல்-ஹேன்செல், அல்லது தரவை நேரடியாக எடுத்துக்கொள்ளும் லாஜிஸ்டிக் மாதிரி. இதை நெறிமுறையிலேயே, அதாவது ரிவ்யூ திட்டங்களைப் பதிவு செய்யும் ப்ராஸ்பெரோ தளத்தில் பதியும்போதே எழுதிவிடுவது நல்லது.

ஒரு நோய் எத்தனை சதவீதத்தினருக்கு இருக்கிறது என்ற பரவல் விகிதத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தியாவிலிருந்து வரும் மெட்டா அனாலிசிஸில் இவ்வகை நிறைய. விகிதங்களைக் கூட்டும் முன் செய்யும் ஃப்ரீமேன்-டூக்கி இரட்டை ஆர்க்சைன் மாற்றத்தைப் போட்டுவிட்டுத் திரும்பச் சதவீதமாக மாற்றும்போது ஒரு மாதிரி அளவு தேவைப்படும். ஆய்வுகளின் அளவுகள் நூறிலிருந்து லட்சம் வரை விரிந்திருந்தால், எந்தச் சராசரியை அங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை நம்ப முடியாதபடி மாறும். ஷ்வார்ட்சர் குழுவினர் 2019இல் இதை விரிவாகக் காட்டிவிட்டார்கள். இரண்டு மென்பொருள் இந்த மாற்றத்தில் முரண்பட்டால் எது சரி என்று தேடாதீர்கள். அந்த மாற்றத்தையே கைவிட்டு லாஜிட் என்ற மாற்றத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, எந்த மென்பொருள்?

ரெவ்மேனின் பலம் கணக்கு அல்ல, ஒழுங்கு. ஆய்வுகள், தரவு, ஒருதலைச் சார்பு மதிப்பீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். காக்ரேன் ரிவ்யூ எழுதுகிறவர் அதை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனால் "ரெவ்மேனில் செய்தோம்" என்று எழுதுவது இன்று போதாது. கணினியில் நிறுவும் பழைய ரெவ்மேன் 5 ஒன்று சொல்லும். இணையத்தில் இயங்கும் இன்றைய ரெவ்மேனில் ஆர்இஎம்எல், ஹார்ட்டுங்-நாப், ப்ரெடிக்‌ஷன் இன்டர்வெல் எல்லாம் வந்துவிட்டதால் அது வேறு சொல்லும்.

ஸ்டாட்டா வாங்கி வைத்திருக்கும் துறையில் இருப்பவருக்கு அதுவே போதும். கட்டளைக் கோப்பைச் சேமிக்கலாம், திரும்ப ஓட்டலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பயனர்கள் எழுதிய பழைய மெட்டான் கட்டளை வேறு, உள்ளமைந்த மெட்டா கட்டளை வேறு. பத்தாண்டுக்கு முந்தைய ஸ்டாட்டா கட்டுரையைப் பார்த்து இன்றைய ஸ்டாட்டாவில் அதே எண்ணை எதிர்பார்த்தால் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் மெட்டா அனாலிசிஸ், எண்ணற்ற வடிவங்களில் தரவை வாங்கிக்கொள்ளும் வசதிக்காகப் பலருக்குப் பிடிக்கும். டி-மதிப்பு மட்டும் கிடைத்தாலும் எஃபெக்ட் சைஸ் எடுத்துத் தரும். ஆனால் சுட்டியால் சொடுக்கிச் செய்த வேலையை ஆறு மாதம் கழித்து அடுத்தவர் அப்படியே திரும்பச் செய்வது கடினம். கட்டணமும் உண்டு.

என் தேர்வு ஆர்தான். இலவசம் என்பது முதல் காரணமல்ல. ஒவ்வொரு முடிவையும் எழுத்தில் சொல்ல வைக்கிறது: எந்த ரேஷியோ, எந்த மதிப்பீட்டு முறை, பூஜ்ஜியத்துக்கு என்ன, இடைவெளி எப்படி என்று எல்லாமே கண் முன்னால் வரியாக நிற்கும். மெட்டா தொகுப்பில் ரெவ்மேன் 5 போலவே நடந்துகொள் என்று ஒரே கட்டளையில் சொல்ல வழியும் இருக்கிறது. பழைய ரிவ்யூவைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். அதே தொகுப்பு 2021இல் வந்த 5.0 பதிப்பில் தன் வழக்கத்தை டெர்சிமோனியன்-லெயர்டிலிருந்து ஆர்இஎம்எல்லுக்கு மாற்றியது. கட்டளை ஒன்றாக இருந்தும் புதுப்பித்த பிறகு விடை மாறிய இடங்கள் உண்டு. ஆகவே ஆரிலும் எதையும் சொல்லாமல் விடக் கூடாது, பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். கட்டளை எழுதப் பயமாக இருந்தால் ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். மெனுவில் சொடுக்கினாலும் அடியில் ஓடுவது மெட்டாஃபோர்தான், எண்களும் அதோடு பொருந்தும். முதுகலை ஆய்வேட்டுக்கு மெட்டா அனாலிசிஸ் செய்யும் மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்: ஜாமோவியில் தொடங்குங்கள், முடிவை ஆரில் ஒரு முறை எழுதி ஓட்டிவிடுங்கள்.

முறையில் என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சோதனைகளுக்குள் வேறுபாடு இருக்கும் என்று நினைக்க நியாயம் இருந்தால் ஆர்இஎம்எல், அதோடு ஹார்ட்டுங்-நாப். டாவ்-ஸ்கொயர் பூஜ்ஜியமாக வரும்போது ஹார்ட்டுங்-நாப் இடைவெளி சில சமயம் சாதாரண இடைவெளியைவிடக் குறுகிவிடும். அப்போது குறுகியதை மட்டும் காட்டுவது நேர்மையல்ல, இரண்டையும் காட்டுங்கள். இரண்டே சோதனைகள் இருந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. கூட்டாமல் விடுவதையும் ஒரு தேர்வாக நினைக்கலாம்.

ரிவ்யூவருக்கு எழுதும் பதிலில் மென்பொருள்களைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் இரண்டிலும் டெர்சிமோனியன்-லெயர்ட், இன்வர்ஸ் வேரியன்ஸ், திருத்தமில்லாத இடைவெளி என்று ஒரே அமைப்பில் ஓட்டி, எண்கள் மூன்று தசமம் வரை பொருந்துவதை ஒரு சிறிய அட்டவணையாகத் துணைக்கோப்பில் கொடுங்கள். அதன் கீழே, நெறிமுறையில் சொன்ன முறையில் வந்த விடையை முதன்மை விடையாகவும் மற்றதை உணர்திறன் ஆய்வாகவும் (முறை மாறினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பது) வையுங்கள். இரண்டும் 0.05க்கு இரு பக்கமும் விழுந்தால், சான்று உறுதியாக இல்லை என்று முடிவுரையில் வெளிப்படையாக எழுதுங்கள். நெறிமுறையில் எதுவுமே எழுதவில்லை என்றால், தரவைப் பார்த்த பிறகு முறையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிட்டு, கட்டளைக் கோப்பையும் தரவுத் தாளையும் இணைத்து அனுப்புங்கள்.